மூன்று விசிலுக்கு இறங்கியவர்கள்

1

இந்தக் கதை எனக்குக் காது அடைப்பு எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. இதைவிடக் கௌரவமான ஒரு பிறப்பிடத்தைச் சொல்ல ஆசைதான். ரயில் ஜன்னல், மழை, எதிரே ஒரு மர்மப் பெண்மணி என்று எழுதியும் பார்த்தேன். பொய் உடனே பல்லை இளித்தது.

மருத்துவரின் வரவேற்பறையில் எனக்கு எதிர் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது, கனத்த வேலைக்காரச் செருப்பு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. பக்கத்திலிருந்த அம்மாளிடம் தனக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரகசியமாகச் சொல்வதாகத்தான் அவள் நினைப்பு. காது சரியாகக் கேட்காததால் குரல் கூரையைத் தொட்டது. அறையின் மூலையில் இருந்த தொட்டி மீன்கூட முழுக் கதையையும் கேட்டிருக்கும். ஒரு காது அடைத்த நானும் கேட்டேன்.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டிருந்தேன் போல.

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"கதை எழுதறேன்."

"இதையும் எழுதிடுவீங்களா?"

"நீங்க சரின்னா."

கொஞ்சம் யோசித்தாள். "எழுதுங்க. ஆனா என்னைப் பெரிய ஆளா ஆக்கிடாதீங்க. ஏற்கெனவே ஆக்கிட்டாங்க. அதுதான் பிரச்சினையே."

இந்த ஒரு நிபந்தனையோடு எழுதப் பார்த்த எட்டாவது பிரதி இது.

2

முதல் பிரதி இப்படித் தொடங்கியது: "அந்தக் கட்டடம் தன் இறுதி நாளை அறிந்திருந்ததுபோல..."

அடித்துவிட்டேன். கட்டடத்துக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது: "அன்று காலையிலிருந்தே அவளுக்குள் ஏதோ ஒன்று உறுத்திக்..."

உறுத்தியது உண்மைதான். ஆனால் உறுத்தியது தண்ணீர் மோட்டார்.

கீழ்வீட்டில் அவள், மேல்வீட்டில் அவள் தம்பியும் தம்பி மனைவியும். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே தொட்டி. அன்றைக்குத் தம்பி மோட்டாரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவன் நிறுத்த மறந்தான். தொட்டி வழிந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய வேலைச் சட்டையை நனைத்தது. வேறு சட்டை இல்லை. அதை அப்படியே பிழிந்து மாட்டிக்கொண்டாள்.

"நீ ஒருத்தன் போதும்டா, ஊர் தண்ணியெல்லாம் காலி பண்ண."

"சட்டை நனைஞ்சதுக்கு ஊரை இழுக்கறியேக்கா."

இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர்கள். அன்று வழி நெடுக ஒரு பேச்சு இல்லை. ஈரச் சட்டையில் காற்றடித்து அவளுக்குக் குளிர் எடுத்தது. குளிர் எடுக்க எடுக்கக் கோபமும் ஏறியது.

அவர்கள் வேலை கட்டடம் இடிப்பது. தம்பி கேஸ் கட்டர் பிடிப்பவன். உடைத்த கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை அறுப்பான். அக்கா அதே கம்பெனியில் பல வருடம், உடைத்த கல்லும் காரையுமான இடிசல் சுமந்தவள். பிறகு கம்பெனியே அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்து, பாதுகாப்பு வகுப்பு நடத்தும் வேலையைக் கொடுத்தது. தினமும் வேலை தொடங்கும் முன் ஆட்களை நிறுத்திப் பேசவேண்டும். நேற்றுவரை கூடவே கூடை தூக்கியவள் இன்றைக்கு வாத்தியாரம்மா ஆனால் எவனுக்குப் பிடிக்கும்? கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்பார்கள்.

அன்று அவசர இறக்கத்தைப் பற்றிய பாடம்.

"மூணு விசில் அடிச்சா, கையில இருக்கறதை அப்படியே போட்டுட்டு இறங்கி வரணும். ஏன், எதுக்குன்னு கேக்கக்கூடாது. தண்ணி டேங்க் பக்கத்துல வந்து நிக்கணும்."

பின்வரிசையிலிருந்து தம்பி குரல் கொடுத்தான்: "மூணு விசில் வந்தா குக்கரைத்தானே இறக்கணும்? நாங்க எதுக்கு இறங்கணும்?"

சிரிப்பு என்றால் அப்படியொரு சிரிப்பு. சூப்பர்வைசர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நொடியிலிருந்து அவளுக்குப் பெயர் குக்கரக்கா.

(இங்கே "அவள் உள்ளுக்குள் உடைந்து போனாள்" என்று ஒரு வரி இருந்தது. அவள் அப்படி உடைகிற ஜாதி இல்லை. "பத்திக்கிட்டு வந்துச்சு" என்றுதான் சொன்னாள். தம்பி அல்லவா? வெளியாள் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள்.)

3

இனி வருவதுதான் எனக்குக் கஷ்டமான இடம். ஏனென்றால் இங்கே எந்த எழுத்தாளனுக்கும் கை துறுதுறுக்கும்.

அது ஒரு பழைய அலுவலகக் கட்டடம். மேலிருந்து ஒவ்வொரு தளமாக உடைத்துக்கொண்டே வந்தார்கள். உச்சியில் ஒரு சிறிய இயந்திரம் நின்று கான்கிரீட்டைக் கொத்தும். கொத்திய இடிசலை, லிஃப்ட் ஓடிய குழி வழியாகக் கீழே தள்ளிவிடுவார்கள். முதல் விதி, இடிசலை மாடியில் குவித்து வைக்கக்கூடாது. அந்தத் தளம் மனிதர்களையும் மேசை நாற்காலிகளையும் தாங்கக் கட்டியது. ஒரு லாரி கல்லைத் தாங்கக் கட்டியதல்ல. இது அவளே வாராவாரம் சொல்லும் பாடம்.

முந்தின நாள் அந்தக் குழியில் கம்பிச் சிக்கல் விழுந்து அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்கும்வரை இயந்திரத்தைச் சும்மா நிறுத்த முடியாது என்று சூப்பர்வைசர், "ஓரமா குவிங்கப்பா, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார். குவித்தார்கள். அதற்கு நேர் கீழ்த்தளத்தில்தான் தம்பியும் மற்றவர்களும் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பு முடிந்து அவள் வழக்கம்போல மேலே ஒரு சுற்றுப் போனாள். அந்தக் குவியல் அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. போனாள்.

எழுதினேன்: "குவியலைக் கண்டதும் அவள் அடிவயிறு கலங்..." அடித்தேன்.

எழுதினேன்: "ஒரு கணம் நின்றாள். எங்கோ ஒரு மெல்லிய விரிசலின் ஓசை..." அதையும் அடித்தேன்.

அவள் வரவேற்பறையில் சொன்னதை அப்படியே தருகிறேன். "பார்த்தேங்க. நல்லாப் பார்த்தேன். சுத்திக்கிட்டுப் போகும்போது கால்ல ஒரு கல்லு இடிச்சுது, அதை ஒதுக்கிக்கூட விட்டேன். கண்ணு பார்த்துச்சு. புத்தி மட்டும் குக்கர்லயே இருந்துச்சு."

அந்த அம்மாள், "ஐயோ" என்றாள்.

"நானும் அதான் சொல்றேன், ஐயோன்னு. நான் பாடம் நடத்தறவ!"

4

இறங்கி வந்தாள். நிழலில் நின்றாள். மேலிருந்து கட்டரின் சீறல் கேட்டது. நடுவில் தம்பி ஏதோ சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. குக்கரைப் பற்றித்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

"இரு, உன்னை இறக்கிக் காட்டறேன்."

இவ்வளவுதான் காரணம். வேலை சூடு பிடித்திருக்கும் நேரமாகப் பார்த்து, மூச்சை இழுத்து, மூன்று விசில் அடித்தாள்.

இந்த மாதிரி ஒத்திகை வைப்பதாக இருந்தால் சூப்பர்வைசரிடம் முன்னாலேயே சொல்லவேண்டும். சொல்லவில்லை. அவர் சாப்பாட்டுப் பையோடு ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு? என்ன?"

"ஒத்திகை சார்."

"யாரைக் கேட்டு அடிச்சே? ஆளுங்க இறங்கி மறுபடி ஏறி, மதியம் ஆயிடும்!"

"பாடம் நடத்தினா மட்டும் போதாது சார், செஞ்சு பார்க்கணும்."

ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். இயந்திரம் ஓட்டும் மூக்குக் கண்ணாடிக்காரர், பேசவே பேசாத மனிதர், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்றார். அவள் தலைகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. எது என்று பார்க்கவே வேண்டியதில்லை.

மறுபடி மூன்று விசில். அவன் இறங்கவில்லை. மறுபடி மூன்று.

வந்தான். தலைக்கவசத்தைக் கிரீடம் மாதிரி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று, ராஜநடை போட்டு இறங்கினான். கூட்டம் கைதட்டியது. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. வாசலைத் தாண்டி முற்றத்தில் பாதி தூரம் வந்தவன், எல்லாரும் பார்க்கிற மாதிரி நின்று, வாயைத் திறந்தான்.

"யக்கா, குக்கர்ல..."

5

சத்தத்தை எழுத முடியவில்லை.

"இடி போன்ற..." இல்லை.

"பூமியே பிளந்ததுபோல்..." எல்லாருக்கும் இது ஒன்றுதான் தெரியும்.

அவளிடமே கேட்டேன். "சத்தமா? முதல்ல சத்தமே இல்லைங்க. தம்பிக்குப் பின்னாடி ஜன்னல் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு இருக்குமே, அது ஒண்ணுக்குள்ள ஒண்ணு போச்சு. டப்பாவை அடுக்கற மாதிரி. ஐயோ, ஜன்னல் எங்கே போகுதுன்னு நினைச்சேன். அப்புறம்தான் சத்தம்."

குவியல் இருந்த தளம் கீழே இறங்கி, ஆட்கள் நின்றிருந்த தளத்தை எடுத்துக்கொண்டு, அதற்கும் கீழே இருந்ததையும் எடுத்துக்கொண்டு போனது. உச்சியில் நின்ற இயந்திரம் மூக்கு குத்திக் கூடவே போனது. காற்று வந்து தம்பியைக் குப்புறத் தள்ளியது. அதன் பிறகு தூசி. பகல் அணைந்தது.

தூசிக்குள் யார் எங்கே என்று தெரியவில்லை. அவள் விசிலை வாயில் வைத்தாள். குரல் வராது, ஆனால் ஊத வரும். சத்தம் வந்த திசைக்கு ஆட்கள் வரட்டும் என்று ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். தூசி அடங்கி முகங்கள் தெரிந்தபோதும் ஊதினாள். சூப்பர்வைசர் வந்து அவள் கையைப் பிடித்து விசிலைப் பிடுங்கும்வரை நிறுத்தவில்லை. காது போனது கட்டடத்தால் அல்ல. அந்த விசிலால்தான்.

தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். தலை, புருவம், இமை எல்லாம் வெள்ளை. அவள் ஓடிப்போய் அவன் தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. அதன் பிறகு பளாரென்று ஓர் அறை விட்டாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

(இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு எழுத முடியவில்லை. ஒருவர் செத்திருந்தால் எனக்குக் கதை எழுதத் தெரியும். அழுகை, குற்றம், தண்டனை எல்லாம் வரிசையில் வரும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அப்புறம் என்ன எழுதுவது? ஆனால் அவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. டேங்க் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன் சாப்பாட்டுப் பை மேலேயே இருக்கிறது, போய் எடுத்து வருகிறேன் என்று எழுந்தார். எந்த மேலே?)

6

முதலில் பேசியவர் கண்ணாடிக்காரர். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

காலையில் குக்கரக்கா. மதியம் அம்மா.

"தெரியாதுங்க. சும்மா ஒத்திகைதான்..."

"சும்மா யாராவது அடிப்பாங்களா? மூணு தடவை அடிச்சீங்களேம்மா. அவன் வர்ற வரைக்கும் விடலையே நீங்க!"

மற்றவர்களும் சுற்றி வந்து நின்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார் ஒருவர். இல்லை, இந்த அம்மாவின் விசிலோடு போச்சு என்றார் இன்னொருவர். சூப்பர்வைசர் மட்டும் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, "அப்புறம் எடுத்துடலாம்னுதான்... அப்புறம் எடுத்துடலாம்னுதான்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

விசாரணைக்கு முன் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மிரட்டவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்தார்.

"நீ விசில் அடிச்சே. சரிதானே?"

"ஆமா சார்."

"எல்லாரும் இறங்கினாங்க. கட்டடம் விழுந்துச்சு. இதுல ஏதாவது பொய் இருக்கா?"

"இல்லை சார்."

"நடுவுல ஒரே ஒரு வார்த்தை. ஆபத்து தெரிஞ்சதனாலே அடிச்சேன்னு சொல்லு. கம்பெனியோட பாதுகாப்பு முறை வேலை செஞ்சுதுன்னு ஆயிடும். குவியல், கிவியல்னு யாரும் தோண்ட மாட்டாங்க. அந்த சூப்பர்வைசரும் பிள்ளைகுட்டிக்காரன். உனக்கும் நல்ல பேர்."

அந்த மேனேஜரைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். இரண்டு சம்பவங்களுக்கு நடுவில் ஓர் 'அதனாலே' வைப்பதுதான் என் பிழைப்பும். அவர் என்னைவிடச் சிக்கனமாகச் செய்தார், அவ்வளவுதான்.

(ஒரு பிரதியில் அவள் ஒத்துக்கொள்கிறாள். அது மோசமான கதை இல்லை. நல்ல பேர் வாங்கி, படம் மாட்டி, ஒவ்வொரு நாளும் அந்தப் படத்துக்குக் கீழே நின்று வகுப்பெடுக்கிறாள். ஆனால் நடந்தது அதுவல்ல.)

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "என்ன அறிகுறி பார்த்து விசில் அடிச்சீங்க?"

"ஒரு அறிகுறியும் பார்க்கலை சார். தம்பி என்னைக் கிண்டல் பண்ணினான். அவனை இறக்கணும்னு அடிச்சேன்."

மேனேஜர் இருமினார்.

"காக்கா உட்கார பனம்பழம் விழுந்துச்சு சார். காக்கா நான்தான். பனம்பழம் ஏன் விழுந்துச்சுன்னு கேளுங்க, அதைச் சொல்றேன். குழி அடைச்சிருந்துச்சு. இடிசலை மேலேயே குவிச்சாங்க. நானும் பார்த்தேன். பார்த்துட்டு சும்மா வந்தேன். அதையும் எழுதிக்கோங்க."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டாராம். பிறகு குவியலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அன்று முழுக்க அதைப் பற்றியே கேட்டார்.

சூப்பர்வைசருக்கு வேலை போனது. கம்பெனி அந்த இடத்தை மூடவேண்டி வந்தது. அவளை, சொல்லாமல் ஒத்திகை வைத்ததற்காகவும் கண்டதைச் சொல்லாததற்காகவும் வீட்டில் உட்கார வைத்தார்கள்.

இங்கே முடித்திருந்தால் நேர்மையான ஒருத்தியின் கதை. பெரிய ஆளாக ஆக்காதே என்ற நிபந்தனை காற்றில் போயிருக்கும்.

7

அவளைத் திருப்பிக் கூப்பிட வைத்தது ஆட்கள்தான். புது இடமான ஒரு பழைய துணிக்கடைக் கட்டடத்தில் படி ஏறவே மாட்டோம் என்றார்கள். "அந்த அம்மா வரட்டும்."

போனாள். முதல் வகுப்பில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. தளத்தைத் தாங்கும் முட்டுக் கம்பம் எங்கே எங்கே கொடுத்திருக்கிறது என்று கேட்டாள். இடிசலை எங்கே தள்ளவேண்டும் என்று கேட்டாள். பாடத்தை யாரும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மேலே பார்த்தால் மேலே பார்த்தார்கள். அவள் தும்மியபோது இருவர் வாசலுக்கு ஓடிவிட்டார்கள்.

"முன்னாடியாவது மேல ஏறும்போது தலையைத் தூக்கிப் பார்ப்பாங்க. இப்போ அதுவும் இல்லைங்க. நான் இருக்கேனாம். எனக்குத் தெரிஞ்சுடுமாம்." இதை முன்னதைவிட உரக்கச் சொன்னாள். "அன்னைக்குக் கட்டடம் விழுந்தப்போகூட எனக்கு இப்படி ஆகலை. இப்போதான் பயமே வந்துச்சு."

உண்மையைச் சொன்னாள். எல்லாரையும் நிறுத்தி, "கோவத்துல அடிச்சேன், எனக்கு ஒண்ணும் தெரியாது, குவியலைப் பார்த்தும் சும்மா வந்தவ நான்" என்றாள்.

"பெரிய மனசு உள்ளவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

நம்பியவன் தம்பி ஒருவன்தான். நம்பியதால் அவனுக்குத் தூக்கம் போனது. "அப்போ, நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான். அவள் அவன் தட்டில் சோறு போட்டாள். "நீ நல்ல மூடுல இருந்திருந்தா?" அவள் குழம்பை ஊற்றினாள். மறுநாளிலிருந்து, வேலைக்குக் கிளம்பும் முன் அவளிடம் எதற்காவது ஒரு சண்டை இழுத்தான். குழம்பில் உப்பு, செருப்பு கிடந்த இடம், ஸ்கூட்டரில் பெட்ரோல். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த அன்று சண்டையை விட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீ சிரிச்ச முகமா வண்டில ஏறினா எனக்குப் பயமா இருக்குக்கா" என்றான்.

8

கடைசியாக நடந்தது, அவள் மருத்துவரிடம் வந்ததற்கு முந்தின வாரம்.

காலை. துணிக்கடையின் படிக்கட்டுக்குக் கீழே எல்லாரும். "நீங்க சரின்னு சொல்லுங்கம்மா, ஏறறோம்." தினமும் கேட்பதுதான். தினமும் அவளே முன்னால் ஏறி, ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவிட்டு வந்து சரி என்பாள். அன்று சொல்லவில்லை.

"எனக்குத் தெரியலை" என்றாள். கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்குக் கண்ணு இருக்கு. போய்ப் பாருங்க. பார்த்துட்டு வந்து நீங்க எனக்குச் சொல்லுங்க."

யாரும் அசையவில்லை. அம்மாவுக்கு இன்று ஏதோ தெரிந்துவிட்டது என்று ஒருவர் கிசுகிசுத்தார். கூட்டம் இரண்டடி பின்னால் போனது. புது சூப்பர்வைசர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். வெயில் ஏறியது. இயந்திரம் சும்மா நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் கண்ணாடிக்காரர் தலைக்கவசத்தை மாட்டினார். தயங்கித் தயங்கிப் படி ஏறினார். அவர் காலடிச் சத்தம் மேலே மேலே போனது. அவளுக்கு உயிர் வந்தது. தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. முட்டுகளைத் தட்டுகிறார். அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒவ்வொன்றாக.

இறங்கி வந்தார். முகத்தில் வியர்வை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

சொல்லிவிட்டு, அது சரிதானா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவரோடு சேர்ந்து எல்லாரும் பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான்.

இதற்குப் பிறகு நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவள் சிரித்துத் தலையசைக்கிறாள், அவர்கள் ஏறுகிறார்கள், மாலை எல்லாரும் பத்திரமாக இறங்குகிறார்கள். அப்படியானால் அவர்கள் நாளைக்கும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இன்னொன்றில் அவள் அந்த இடத்திலேயே வேலையை விட்டுவிட்டுப் போகிறாள். அவர்கள் அதை அறிகுறி என்று எடுத்துக்கொண்டு கூடவே ஓடுகிறார்கள். மூன்றாவதில் அவள் கண்ணாடிக்காரரிடம், "நீங்க சரியாப் பார்த்தீங்கன்னா அது சரிதான்" என்கிறாள். அழகான வசனம். எழுதி முடித்ததும் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது: அவர் ஒன்றைப் பார்க்காமல் விட்டிருந்தால்? அவளே ஒரு நாள் விட்டவள்தானே?

அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அறையே கேட்டது. ஆனால் அதை எழுதினால் நீங்களும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் ஒருவராகிவிடுவீர்கள். அதனால் எழுதப்போவதில்லை.

துணிக்கடையின் படிக்கட்டு இதோ இருக்கிறது. தலைக்கவசத்தை மாட்டிக்கொள்ளுங்கள். அவளைப் பார்க்காதீர்கள், என்னையும் பார்க்காதீர்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், ஏறலாமா?